பனிக்குட நீர் குறைவா, அதிகமா? எண்ணோடு காரணத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கான மருத்துவக் குறிப்புகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீர் பற்றி அவற்றில் வருவது பெரும்பாலும் இரண்டே சேதிதான். "இளநீர் குடித்தால் நீர் கூடும்" என்பது ஒன்று. "நீர் குறைந்தால் குழந்தைக்கு ஆபத்து, உடனே ஆபரேஷன்" என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பல நேரங்களில் தவறு. மகப்பேறு மருத்துவத் துறையில் இருக்கும் எங்களிடம் ஸ்கேன் தாளோடு பதறி வரும் குடும்பங்கள் கேட்பதற்கெல்லாம் இந்த இரண்டு வரியில் பதில் இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தாய் குடிக்கிற தண்ணீர் நேராகப் போய்ப் பனிக்குடத்தில் நிறைவதில்லை. 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். அதன் நுரையீரலில் சுரக்கும் திரவமும் கொஞ்சம் சேரும். குழந்தை அதையே விழுங்கி, குடலில் உறிஞ்சி, மறுபடி சிறுநீராக விடுகிறது. ஒரு பகுதி நஞ்சுக்கொடியின் மேல் படர்ந்த சவ்வு வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்கே திரும்பிவிடும். நிறைமாதத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குழந்தை சிறுநீர் கழிக்கும். நீரின் அளவு 34 வாரத்தையொட்டி உச்சத்தைத் தொடும். சுமார் 800 மி.லி. இருக்கும். 40 வாரத்தில் 600 மி.லி. அளவுக்கு இறங்கும், நாள் தாண்டினால் இன்னும் வற்றும். எட்டாம் மாத ஸ்கேனில் நீரின் எண் 14 என்றிருந்தது பத்தாம் மாதத்தில் 9 ஆனால், அது மட்டும் பயப்படுகிற விஷயம் ஆகாது. குழந்தையின் சிறுநீர் குறைந்தாலோ பனிக்குடம் கிழிந்தாலோ நீர் குறையும். சிறுநீர் அதிகமானாலோ விழுங்குவதில் தடை இருந்தாலோ நீர் கூடும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொப்புளை மையமாக வைத்து வயிற்றை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீர் அதிக ஆழமாகத் தேங்கிய இடத்தை மேலிருந்து கீழாக அளந்து நான்கையும் கூட்டுவார்கள். ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.ஐ. என்று இருப்பது இதுதான். 1987-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 5 செ.மீ. வரை இருந்தால் குறைவு, 24-ஐத் தாண்டினால் அதிகம். இன்னொரு முறை இதைவிட எளிது: முழுக் கர்ப்பப்பையிலும் ஆழமான ஒரே ஒரு தேக்கத்தை மட்டும் அளப்பது. அது 2 செ.மீ.க்குக் கீழ் என்றால் குறைவு, 8 செ.மீ.க்கு மேல் என்றால் அதிகம்.

அளக்கும் கை சற்று மாறினாலும் எண் மாறும். ஸ்கேன் செய்யும் புரோபை வயிற்றில் அழுத்திப் பிடித்தால் தேக்கம் நசுங்கிக் குறைவாகக் காட்டும். தாய் மல்லாந்து படுத்திருக்க, புரோப் தரைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் கோணலாக அளந்து அதிகமாகக் காட்டும். தொப்புள்கொடிச் சுருள் அடைத்திருக்கும் இடத்தை நீர் என்று எண்ணிவிட்டாலும் கணக்கு கூடிவிடும். அளந்துகொண்டிருக்கும்போதே குழந்தை காலை நீட்டினால் ஒரு கட்டத்தின் நீர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ஒரே நாளில் இரண்டு சென்டரில் பார்த்து ஒன்றில் 7, இன்னொன்றில் 10 என்று வந்தால் யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை. அந்த அளவீட்டின் லட்சணம் அப்படி.

இந்த இரண்டு முறைகளில் எது நல்லது என்று சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2008-ல் வெளியிட்ட தொகுப்பாய்வும், 2016-ல் ஜெர்மனியில் ஏறத்தாழ ஆயிரம் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வும் சொன்னது ஒன்றேதான்: நான்கு கட்டக் கூட்டலை நம்பினால் "நீர் குறைவு" என்ற முத்திரை அதிகம் பேருக்கு விழுகிறது, மருந்து வைத்து வலி வரவழைப்பது கூடுகிறது, ஆனால் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை ஏதும் கிடைக்கவில்லை. ஒற்றைத் தேக்கத்தை அளப்பதே போதும் என்பது இப்போது பெரும்பாலான வல்லுநர்களின் நிலை. நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் பல இன்னமும் கூட்டலை மட்டுமே எழுதி, 5-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் "எல்லைக்கோடு" என்று ஒரு வார்த்தையைப் போட்டு அனுப்பிவிடுகின்றன. வீட்டில் அந்த வார்த்தை கிளப்பும் பீதி கொஞ்சநஞ்சமல்ல. ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஆழமான தேக்கம் எத்தனை செ.மீ.? குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா? தொப்புள்கொடி ரத்த ஓட்டம், அதாவது டாப்ளர், சரியாக இருக்கிறதா? அசைவும் இதயத்துடிப்பும் எப்படி? இந்த நான்கும் நன்றாக இருந்தால் 6 அல்லது 7 என்ற எண்ணுக்காக அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டியதில்லை. சில நாளில் அல்லது வாரத்தில் மறுபடி பார்த்தால் போதும்.

உண்மையிலேயே நீர் குறைந்திருக்கிறது என்றால் முதல் கேள்வி, கசிகிறதா என்பதுதான். அதை ஸ்கேன் மட்டும் சொல்லாது; தாய்தான் சொல்ல வேண்டும். "உள்ளாடை அடிக்கடி நனையுதாம்மா?" என்று கேட்டால் பலர் வெள்ளைப்படுதல் என்றோ, சிறுநீர் தன்னையறியாமல் போகிறது என்றோ நினைத்து ஒரு வாரமாகச் சொல்லாமல் இருந்திருப்பார்கள். இதைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதுகிறோம்.

கசிவு இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தமும் நஞ்சுக்கொடியும். நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாதபோது குழந்தை தன் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கி, சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்ளும். சிறுநீர் குறையும், நீரும் குறையும். பி.பி. 140/90-ஐத் தாண்டியவர்கள், முந்தைய பிரசவத்தில் பி.பி. ஏறியவர்கள், நாள்பட்ட சிறுநீரக நோய், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) அல்லது பழைய சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் இந்த வரிசையில் முன்னால் நிற்பவர்கள். இவர்களுக்கு நீர் குறைவு என்பது குழந்தை வளர்ச்சி தடைப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். இங்கே எண்ணைவிட டாப்ளர் முக்கியம். தொப்புள்கொடித் தமனியில் இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் ஓட்டம் நின்றிருந்தால் 33-34 வாரத்திலும், பின்னோக்கி ஓடினால் 30-32 வாரத்திலுமே பிரசவம் பார்க்க வேண்டி வரலாம். அந்த வாரத்துக் குழந்தையைக் காப்பாற்ற வென்டிலேட்டரும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்துக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும். பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டிலும் வயிற்றில் வைத்துக்கொண்டு போவது பத்திரம்.

இந்த ஆபத்து வரிசையில் இருப்பவர்களுக்கு, பி.பி. சிக்கலைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை, 75 முதல் 150 மி.கி. வரை, 12 வாரத்திலிருந்து இரவில் கொடுப்பது வழக்கம். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். "கர்ப்பத்துல வலி மாத்திரை கூடாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதை நிறுத்திவிடுகிற கொடுமையும் நடக்கிறது. கூடாது என்று சொல்லப்படும் வலி மாத்திரைகள் வேறு: டைக்லோபினாக், அசிக்ளோபினாக், இபுப்ரோஃபென், நிமுசுலைட் போன்றவை. இவை குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நீரை வற்றவைக்கும். 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு அதில் விலக்கும் கொடுத்தது. இடுப்புவலிக்கும் பல்வலிக்கும் மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மாத்திரையில் இவை இருக்கும். பாராசிட்டமால் போதும் என்று கேட்டு வாங்குங்கள். பி.பி. மாத்திரையிலும் இதே கவனம் வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் சாப்பிட்டுவருபவர்கள் கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லி லபெட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற வேண்டும். வலி மாத்திரையால் வற்றிய நீர், மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். காரணத்தைக் கேளுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஐந்தாம் மாதத்திலேயே நீர் வற்றியிருந்தால் கதை வேறு. இரண்டு சிறுநீரகமும் உருவாகாத குழந்தைக்கு 16 வாரம் வரை நீர் ஏறக்குறைய சரியாகவே தெரியும், பிறகு காணாமல் போய்விடும். சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருந்தாலும் அப்படித்தான். நுரையீரல் விரிந்து வளர இந்த நீர் வேண்டும். 22-24 வாரத்துக்கு முன்பே நீர் இல்லாமல் போனால் பிறந்த பின் குழந்தை மூச்சுவிட நுரையீரல் போதாது. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் உறுப்பு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரம் தாண்டிவிட்டால், தீவிரக் குறைபாடு என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால்தான் கர்ப்பத்தைக் கலைக்க முடியும். அந்தக் குடும்பத்துக்கு அலைச்சலும் வேதனையும் இரட்டிப்பாகும்.

இனி இளநீருக்கு வருவோம். தாயின் உடலில் நீர் வறண்டிருந்தால் பனிக்குட நீரும் குறையும். கத்திரி வெயிலில் வயல் வேலைக்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கோ போய் நாள் முழுக்க ஒரு சொம்பு தண்ணீரில் ஓட்டுகிற பெண்ணுக்கு இது பொருந்தும். இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஸ்கேன் பார்த்தால் கூட்டல் எண் சராசரியாக 2 செ.மீ. ஏறுகிறது என்று சோதனைகளே காட்டியிருக்கின்றன. அதற்கு வெறும் தண்ணீர் போதும். மோரும் நல்லது, இளநீரும் நல்லது. ஆனால் எண் ஏறியதால் குழந்தைக்கு நேரும் சிக்கல்கள் குறைந்தன என்று நிரூபணம் இல்லை. பனிக்குடம் கிழிந்து கசிகிறவருக்கும், நஞ்சுக்கொடி பழுதானவருக்கும், குழந்தையின் சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவருக்கும் எத்தனை இளநீர் குடித்தாலும் காரணம் அப்படியேதான் இருக்கும். கர்ப்பகால சர்க்கரை உள்ளவர் நாளைக்கு நான்கு இளநீர் குடித்தால் சர்க்கரைதான் ஏறும்.

புரோட்டீன் பவுடர், ஆர்ஜினைன் பாக்கெட், அமினோ அமிலம் கலந்த டிரிப் ஆகியவை "தண்ணி ஏத்துற ஊசி" என்ற பெயரில் நடக்கின்றன. இவற்றால் நீர் நிலையாகக் கூடி குழந்தைக்கு நன்மை விளைகிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏற்றிக்கொள்வதைவிட அந்தப் பணத்தில் முட்டை, பயறு, பால் வாங்கிச் சாப்பிடலாம். பி.பி. ஏறி வீக்கத்தோடு இருக்கும் தாய்க்கு டிரிப் டிரிப்பாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அங்கே இது உயிருக்கே உலை. ரத்தக் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரையையும் சிலர் எழுதுகிறார்கள். வளர்ச்சி குன்றிய சிசுக்களுக்காக நெதர்லாந்தில் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் பிரச்சினையும் மரணங்களும் ஏற்பட்டதால் 2018-ல் பாதியில் நிறுத்தப்பட்டது.

ஒற்றைத் தேக்கம் 2 செ.மீ.க்குக் கீழ், மற்றதெல்லாம் சரி என்ற நிலையில் எப்போது பிரசவம்? 36 வாரம் முடிந்ததிலிருந்து 37 வாரம் 6 நாளுக்குள் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் பரிந்துரை. வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் இதற்கு அர்த்தம். மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்; தேதியை உறுதி செய்ய அதைவிட நம்பகமானது கிடையாது. பிரசவம் பார்க்க வேண்டும் என்றாலே சிசேரியன் என்று பொருள் கொள்ள வேண்டாம். மருந்து வைத்து வலி வரவழைத்து, குழந்தையின் துடிப்பை விடாமல் கண்காணித்து, சுகப்பிரசவத்துக்கு முயலலாம். நீர் குறைவாக இருப்பதால் வலி வரும்போது தொப்புள்கொடி நசுங்கித் துடிப்பு இறங்க வாய்ப்பு உண்டு. இறங்கினால் அப்போது ஆபரேஷன். "தண்ணி கம்மி" என்ற ஒரே காரணத்தை எழுதி 37 வாரத்துக்கும் முன்பே வயிற்றைக் கிழிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

இனி பனிக்குடக் கசிவு. சொம்புத் தண்ணீரைக் கொட்டியது போல் போனால் யாரும் ஏமாற மாட்டார்கள். சொட்டுச் சொட்டாகக் கசிவதில்தான் ஏமாறுவார்கள். சந்தேகம் வந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணி அல்லது நாப்கின் வைத்து அரை மணி நேரம் படுங்கள். எழுந்து நின்று இருமிப் பாருங்கள். படுத்திருக்கும்போது பிறப்புறுப்பில் தேங்கியது, நின்றதும் சட்டென்று இறங்கும். துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெள்ளைப்படுதல் வழவழப்பாக மேலே படிந்திருக்கும், சிறுநீர் மஞ்சளாக, நெடியோடு இருக்கும், பனிக்குட நீர் தண்ணீர் மாதிரி துணியில் பரவி ஊறியிருக்கும், சிறுநீர் நெடி இருக்காது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். ரத்தம் கலந்திருந்தாலும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. துணி காய்ந்திருந்தாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். துணியை எடுத்துப் போவது நல்லது, பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அங்கே நடக்க வேண்டியது: கிருமி நீக்கிய கருவியால் பிறப்புறுப்பை விரித்து, உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. சந்தேகம் இருந்தால் மஞ்சள் நைட்ரசின் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். பனிக்குட நீர் பட்டால் நீலமாகும். ரத்தமோ தொற்றோ இருந்தாலும் நீலமாகிவிடும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. கண்ணாடித் தகட்டில் உலர்த்தி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரணி இலை போல் படிகம் தெரியும். வலி வராத பெண்ணுக்கு விரல் விட்டுப் பார்ப்பது இங்கே கூடாது. ஒவ்வொரு விரல் சோதனையும் கிருமியை மேலே ஏற்றிவிடும், பிரசவத்தையும் முந்தவைக்கும்.

34 வாரத்துக்குள் பனிக்குடம் உடைந்தால், தொற்றோ ரத்தப்போக்கோ குழந்தைக்குத் திணறலோ இல்லாதவரை அட்மிட் செய்து பொறுத்திருப்பார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் ஊசி 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை. அல்லது பீட்டாமெத்தசோன் 12 மி.கி. வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. கூடவே ஆன்டிபயாடிக். எரித்ரோமைசின் வழக்கமானது. அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் கலந்த மாத்திரையை இங்கே கொடுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் குடல் அழுகும் நோய் அதனால் கூடியதை 2001-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மருந்துக்கடையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிற ஆன்டிபயாடிக் அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம். 32 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட். தாய்க்கு 100.4 டிகிரி காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் வலி, நாற்றமடிக்கும் நீர், குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 160-க்கு மேலேயே நிற்பது இவையெல்லாம் தொற்றின் அடையாளங்கள். அதற்குமேல் எந்த வாரமாக இருந்தாலும் காத்திருப்பு இல்லை. 37 வாரம் தாண்டி உடைந்தால் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தானாக வலி வந்துவிடும். அதை வீட்டில் உட்கார்ந்து எதிர்பார்க்கக் கூடாது. உடைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். 18 மணி நேரம் தாண்டினால் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

நீர் போனதும் பிறப்புறுப்பில் கொடி போல் ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது வெளியே தெரிந்தால், அது தொப்புள்கொடி. குழந்தை குறுக்காகவோ பிட்டம் கீழாகவோ இருந்தாலும், இரட்டையாக இருந்தாலும், நீர் அதிகமாக இருந்தாலும் இது நடக்கும். கொடியைத் தொட்டு உள்ளே தள்ளாதீர்கள், கையில் பட்டால் அது சுருங்கும். முழங்காலிட்டு நெஞ்சைப் பாயில் படியவைத்து இடுப்பைத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 108 வண்டியில் ஏறியதும் இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்கடியில் தலையணை வைத்துப் படுக்க வேண்டும். வரப்போகும் கேஸ் இன்னது என்று மருத்துவமனைக்குப் போனில் முன்பே சொன்னால் தியேட்டர் தயாராக இருக்கும்.

நீர் அதிகமாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "நிறைய தண்ணி இருக்கு, நல்லதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். லேசாகக் கூடியிருந்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் எதுவும் தெரியாது, குழந்தையும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் தேட வேண்டிய காரணங்களைத் தேடியாக வேண்டும். முதலாவது சர்க்கரை. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும், அது அதிகம் சிறுநீர் கழிக்கும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007-லேயே கொண்டுவந்தது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பு இதில் பெரிது. அவர் பிறந்த மார்ச் 10-ஐ கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடே அனுசரிக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். முதல் பதிவின்போது ஒருமுறை, 24-28 வாரத்தில் ஒருமுறை. முதல் முறை நார்மல் என்று வந்ததும் இரண்டாவதைத் தவறவிடுபவர்கள் அதிகம். நோய் வெளிப்படுவதோ பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

இரண்டாவது, குழந்தையால் விழுங்க முடியாமை: உணவுக்குழாய் அடைப்பு, சிறுகுடல் தொடக்கத்தில் அடைப்பு, நரம்புக் கோளாறு. ஸ்கேனில் குழந்தையின் இரைப்பை சிறிய கறுப்புக் குமிழாகத் தெரிய வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தும் தெரியவில்லை என்றால் உணவுக்குழாய் அடைப்பு இருக்கலாம். ஸ்கேனில் தப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. நீர் அதிகமாக இருந்த தாயின் குழந்தைக்கு முதல் பால் கொடுக்கும் முன் ஒரு மெல்லிய குழாயை வாய்வழியே இரைப்பை வரை செலுத்திப் பார்க்க வேண்டும். சுமார் 10 செ.மீ.யில் தட்டி நின்றால் பால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குப் போகும். ஒரு நிமிட வேலை. பிரசவ அறையில் மறந்துவிட்டால் நினைவூட்டுங்கள்.

மூன்றாவது குழந்தையின் ரத்தசோகை. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று ரத்த குரூப் ஒவ்வாமல் போனாலும் இது வரும். தாய் நெகட்டிவ் குரூப் என்றால் ஆன்டி-டி ஊசி 28 வாரத்தில் ஒன்று. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. நான்காவது, ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர். ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்கு வழிந்து, கொடுப்பவனுக்கு நீர் வற்றி, வாங்குபவனுக்குப் பொங்கும். 2-க்குக் கீழும் 8-க்கு மேலும் ஒரே வயிற்றில் இருக்கும். லேசர் சிகிச்சை உண்டு, ஆனால் ஏறக்குறைய 16-லிருந்து 26 வாரத்துக்குள். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது 11-14 வார ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். ஒன்று என்றால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொரு ஸ்கேன். "ட்வின்ஸ்" என்று மட்டும் எழுதி அனுப்புகிற ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்தான்.

நீர் மிக அதிகமாகித் தாய்க்கு மூச்சுவிட முடியாமல் போனால் மட்டும் ஊசி மூலம் மெதுவாக எடுப்பார்கள். வேகமாகக் குறைத்தால் நஞ்சுக்கொடி பிய்த்துக்கொள்ளும். பிரசவத்தில் பனிக்குடம் தானே உடைந்து மொத்தமும் கொட்டினாலும் அதே ஆபத்து, கொடி இறங்கும் ஆபத்தும் கூடவே. பிரசவத்துக்குப் பின்பு, அளவுக்கு மீறி விரிந்த கர்ப்பப்பை சுருங்கத் தாமதித்து ரத்தம் கொட்டும். ஆகவே பொருத்தம் பார்த்த ரத்தமும், 24 மணி நேர மயக்க மருந்து டாக்டரும் உள்ள இடத்தில்தான் இவர்களுக்குப் பிரசவம் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கிய தாய்க்கு நீரும் அதிகம் என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

"பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்துவிட்டது" என்று சில மரணங்களைப் பற்றிச் செய்தி வரும்போது கர்ப்பிணிகள் நடுங்குகிறார்கள். அப்படி ஒரு நோய் உண்டு. லட்சம் பிரசவத்தில் 2 முதல் 6 பேருக்கு வரும். பிரசவ வேளையில் திடீர் மூச்சுத் திணறல், பி.பி. சரிவு, பிறகு ரத்தம் உறையாமை. முன்கூட்டிக் கண்டுபிடிக்கவோ தடுக்கவோ வழியில்லை. ஸ்கேனில் நீர் கூடியிருப்பதற்கும் குறைந்திருப்பதற்கும் இதற்கும் முடிச்சுப்போட வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஒரு காரியம் அசைவுக் கணக்கு. 28 வாரத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். பலருக்கு அரை மணியிலேயே வந்துவிடும். வரவில்லை என்றால், அல்லது வழக்கத்தைவிட அசைவு மந்தமாகத் தோன்றினால், அன்றே போக வேண்டும். "நேத்துதான் ஸ்கேன் எடுத்தோம், தண்ணி 12 இருந்துச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நேற்றைய ஸ்கேன் நேற்றைய நிலையைத்தான் சொல்லும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை உண்டு. ஆபத்து அதிகமுள்ள கர்ப்பமா என்று அங்கே தரம் பிரித்து, தாய் சேய் நல அட்டையில் குறிப்பார்கள். அந்தக் குறிப்பு இருக்கிற அட்டையை ஊருக்குப் போகும்போதும் கையோடு எடுத்துப் போங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற ஏழாம், ஒன்பதாம் மாதத்தில்தான் கண்காணிப்பு அறுந்துபோகிறது. இங்கே நர்ஸம்மாவுக்குத் தெரிந்த பி.பி. கதை அங்கே யாருக்கும் தெரியாது.

ஸ்கேன் மையங்களுக்கு எங்கள் கோரிக்கை எளிமையானது. கூட்டல் எண்ணோடு ஆழமான ஒற்றைத் தேக்கத்தையும் எழுதுங்கள். நீர் குறைவு என்று எழுதினால், சிறுநீரகம், சிறுநீர்ப்பை தெரிகிறதா, எடை வளர்ச்சி எப்படி, டாப்ளர் எப்படி என்ற மூன்று வரியையும் சேர்த்து எழுதுங்கள். அதிகம் என்று எழுதினால் இரைப்பைக் குமிழ் தெரிந்ததா என்று எழுதுங்கள். "எல்லைக்கோடு" என்ற சொல்லை மட்டும் எழுதிக் கையில் கொடுக்காதீர்கள். தங்கள் நாளிதழும் இனி இளநீர்க் குறிப்பு வெளியிடும்போது, பக்கத்திலேயே துணி வைத்துப் பார்க்கும் முறையையும் அசைவுக் கணக்கையும் ஒரு சிறு கட்டமாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.